டை நுனியில் கண்ணாடி துடைக்கும் ஒற்றர்

ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட் படித்து வளர்ந்த ஆள் நான். ஒற்றர் என்றால் கோட், துப்பாக்கி, பக்கத்தில் ஓர் அழகி, பின்னால் வெடித்துச் சிதறும் ஒரு கட்டடம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கல்லூரி முடித்த வருடம் ஒரு பழைய புத்தகக் கடையில் முப்பது ரூபாய்க்கு ஜான் லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' அட்டை கிழிந்து கிடைத்தது. ஆசையாகத் திறந்தால், கொட்டும் மழையில் ஒரு வாத்தியார் பழைய காரில் கேரவனை இழுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருகிறார். அப்புறம் பையன்கள் அவரை வேடிக்கை பார்க்கிறார்கள். ஐம்பது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

மறுபடி எடுத்தது பத்து வருடம் கழித்து. அதற்குள் ஓர் ஆபீஸில் குப்பை கொட்டி, மேலே இருந்தவர் போய்ப் புதியவர் வந்து, அவருக்கு வேண்டியவர்கள் எல்லாம் ஜன்னல் ஓர நாற்காலிகளுக்கு நகர்ந்து, பழையவருக்கு நெருக்கமாக இருந்த எங்கள் மேனேஜரை ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பியதை எல்லாம் பார்த்தாயிற்று. இந்த முறை புத்தகம் வழுக்கிக்கொண்டு போனது. இது ஆபீஸ் கதை ஐயா! யாருக்கு எந்த மாடியில் அறை, எந்தக் கோப்பை யார் பார்க்கலாம், கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடவில்லை, எல்லாம் இதுதான். துப்பாக்கி எப்போதாவது வரும்.

நாயகர் ஜார்ஜ் ஸ்மைலி. குள்ளம், குண்டு, தடித்த கண்ணாடி. துணிக்கு நிறையச் செலவழிப்பார், ஆனால் எதுவும் உடம்பில் பொருந்தாது. யோசிக்கும்போது டையின் அகலமான நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். படிப்பது பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மன் கவிதை. மனைவி ஆன் பிரபுக் குடும்பத்து அழகி, ஓடிப்போவதும் திரும்பி வருவதுமாக இருப்பவள். 1961இல் வந்த, ஸ்மைலி வரும் முதல் நாவலின் தொடக்கத்திலேயே ஒரு கியூபா நாட்டு ரேஸ் டிரைவருடன் போய்விடுகிறாள். ஆபீஸ் முழுக்க இந்தச் சங்கதி தெரியும். ஸ்மைலியிடம் பேசுகிறவர்கள் எல்லாம் போகிற போக்கில் 'ஆனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்' என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த மனுஷர் வாங்கிக்கொள்கிறாரே, அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

'டிங்கர் டெய்லர்' 1974இல் வந்தது. பிரிட்டிஷ் உளவுத்துறையின் மேல்தட்டில் ஒருவன் மாஸ்கோவுக்கு வேலை பார்க்கிறான், அவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வேலையிலிருந்து கழற்றிவிடப்பட்ட ஸ்மைலியை ரகசியமாகக் கூப்பிடுகிறார்கள். அவர் செய்வதெல்லாம் பாடிங்டன் பக்கம் ஒரு சாதாரண ஓட்டலில் அறை எடுத்து, இரவு முழுக்கப் பழைய கோப்புகளைப் படிப்பது, தன்னைப் போலவே துரத்தப்பட்டவர்களைத் தேடிப்போய் உட்கார்ந்து கேட்பது. அப்படித் துரத்தப்பட்டவர்களில் கோனி சாக்ஸ் என்று ஒரு பெண்மணி உண்டு, ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர், அபார ஞாபகசக்தி. லண்டனில் இருந்த ஒரு சோவியத் தூதரக ஆளின் மேல் அவருக்குச் சந்தேகம், அது சரியான சந்தேகம், வேலை போனதற்குக் காரணமும் அதுதான். அவரை ஸ்மைலி பார்க்கப்போகும் அத்தியாயத்தை நான் நாலு தடவையாவது படித்திருப்பேன்.

இந்த மாதிரி உள்ளே இருந்து குடைகிறவனுக்கு லெ காரே பிரபலமாக்கிய பெயர் 'மோல்'. மண்ணுக்குள் வளை தோண்டுமே, அந்தப் பிராணி. நம் ஊரில் 'கறுப்பு ஆடு' என்கிறோம். ஆடு மந்தையில் கண்ணுக்குத் தெரியும், மோல் தெரியாது, அதனால் அவர் சொல்தான் பொருத்தம் என்பது என் கட்சி. இந்தக் கதையை அவர் ஆகாயத்திலிருந்து பிடித்ததாகவும் சொல்ல முடியாது. கிம் ஃபில்பி என்ற பிரிட்டிஷ் உளவு அதிகாரி, ஒரு காலத்தில் சோவியத்துக்கு எதிரான பிரிவுக்கே தலைவராக இருந்தவர், உண்மையில் மாஸ்கோவின் ஆள். 1963 ஜனவரியில் பெய்ரூட்டிலிருந்து தப்பி ரஷ்யா போய்விட்டார். அப்போது லெ காரேயும் டேவிட் கார்ன்வெல் என்ற சொந்தப் பெயரில் அதே உளவுத்துறையில்தான் இருந்தார்.

இனி வரும் இரண்டு பத்திகளில் கதை முடிவு இருக்கிறது. படிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

எதிரி கார்லா, மாஸ்கோ பக்கத்து மூளை. அவனை ஸ்மைலி ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார், அதுவும் நம்ம டெல்லியில், 1950களின் நடுவில், ஒரு சிறை அறையில். கார்லா அமெரிக்காவில் நடத்திய வேலை பாழாகி, மாஸ்கோவுக்குத் திரும்பும் வழியில் பிடிபட்டிருக்கிறான். ஊருக்குப் போனால் சுட்டுவிடுவார்கள், எங்கள் பக்கம் வந்துவிடு என்று ஸ்மைலி பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். வெயில் வேறு வாட்டுகிறது. எதிரே இருப்பவன் வாயே திறக்கவில்லை. பேச்சு எப்படியோ மனைவி பக்கம் திரும்பி, அவன் குடும்பத்தைப் பற்றிக் கேட்கப் போனவர் தன் வீட்டுக் கதையைத்தான் கொட்டிக்கொண்டிருக்கிறார். அவன் ஓயாமல் புகைக்கிறவன் என்பதால் கேமல் சிகரெட் ஒரு பாக்கெட் வரவழைத்துக் கொடுக்கிறார், கூடவே தன் லைட்டரையும். ஆன் அன்போடு பெயர் பொறித்துக் கொடுத்த லைட்டர். கடைசியில் அவன் மாஸ்கோ விமானத்தில் ஏறிவிடுகிறான். சிகரெட் பாக்கெட் பிரிக்காமலேயே கிடக்கிறது, லைட்டரைக் காணோம்.

அன்றைக்கு அவன் எடுத்துப்போனது லைட்டரை மட்டுமில்லை. பல வருடம் கழித்து கார்லா தன் மோலிடம் ஆனோடு பழகச் சொல்கிறான். நாளைக்கு ஸ்மைலி அவனைச் சந்தேகப்பட்டாலும், பெண்டாட்டி விஷயத்தில் பொறாமை, அதனால் பேசுகிறார் என்று ஆகிவிடும் இல்லையா? படித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். 1979இல் வந்த 'ஸ்மைலிஸ் பீப்பிள்' நாவலில் ஸ்மைலி அவனைப் பிடிப்பதும் அதே வழியில்தான். கார்லாவுக்கு மனநிலை சரியில்லாத ஒரு மகள், சுவிட்சர்லாந்தில் ரகசியமாக வைத்து வைத்தியம் பார்க்கிறான், அங்கே கைவைக்கிறார். பெர்லினில் பாலத்தைத் தாண்டி நடந்து வரும் கார்லா அந்த லைட்டரைக் கீழே போடுகிறான். ஸ்மைலி அதைக் குனிந்து எடுப்பதில்லை.

தொடர் நாவல்களில் எனக்குப் பிடித்த இன்னொரு சமாசாரம் ஆசிரியர் மாட்டிக்கொள்ளும் இடங்கள். முதல் நாவலில் ஸ்மைலி 1928இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வேலைக்குச் சேருகிறார். அந்தக் கணக்கில் பின்னால் வரும் கதைகளில் கிழவராக வேண்டுமே, அதனால் லெ காரே சத்தமில்லாமல் வயதைக் குறைத்துவிட்டார். 2017இல் வந்த 'எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்' வரை மனுஷர் உயிரோடு இருக்கிறார், எந்தக் கணக்கில் பார்த்தாலும் நூறைத் தொட்டிருக்க வேண்டும். அதேபோல் ஹாங்காங்குக்குப் போகாமலேயே 'டிங்கர் டெய்லர்' நாவலில் ஒரு காட்சியை எழுதி, துறைமுகத்தைப் படகில் கடக்க வைத்துவிட்டார். அங்கே கடலுக்கடியில் சுரங்கப்பாதை வந்துவிட்டது பிறகுதான் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து நேரில் பார்க்காத ஊரை எழுதுவதில்லை என்று முடிவெடுத்தாராம்.

பாண்டும் இதற்குத் தப்பவில்லை. 1953இல் முதல் நாவல் வந்ததிலிருந்து இயன் ஃபிளெமிங் அவன் கையில் ஒரு பெரெட்டா துப்பாக்கியைக் கொடுத்திருந்தார். ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற வாசகர், துப்பாக்கிகளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர், இது பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்கிற சாமான் ஐயா என்ற ரீதியில் கடிதம் எழுதினார். ஃபிளெமிங் கோபித்துக்கொள்ளவில்லை. 1958இல் 'டாக்டர் நோ' நாவலில் பெரெட்டாவைப் பிடுங்கிக்கொண்டு வால்தர் பிபிகேயைக் கொடுக்க வைத்தார். கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைக்கும் ஆயுத நிபுணரின் பெயர் மேஜர் பூத்ராய்ட்! வாசகர் கடிதத்துக்கு இதைவிட நல்ல பதில் நான் கேள்விப்பட்டதில்லை. மற்றபடி இன்றைக்கு பாண்ட் நாவல்களைத் திரும்ப எடுத்தால் எனக்குப் பாதியில் அலுத்துவிடுகிறது, அந்தச் சாப்பாட்டு வர்ணனைகள் தவிர.

இப்போது நான் படித்துக்கொண்டிருப்பது மிக் ஹெரன் என்ற எழுத்தாளரின் ஒற்றர் நாவல்கள். உளவுத்துறையில் சொதப்பியவர்களை வேலையைவிட்டுத் தூக்கினால் வழக்கு, வம்பு என்று வரும், அதனால் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்தக் காடு லண்டன் நடுவிலேயே, பார்பிக்கன் பக்கம் ஒரு அழுக்குக் கட்டடம், பெயர் ஸ்லவ் ஹவுஸ். ஒருவர் ரகசிய டிஸ்க்கை ரயிலில் மறந்துவிட்டு வந்தவர், இன்னொருவர் பயிற்சியின்போது கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனையே ஸ்தம்பிக்க வைத்தவர். தலைவர் ஜாக்சன் லாம்ப் ஓட்டை சாக்ஸைப் போட்டுக் காலை மேஜைமேல் தூக்கி வைத்து, சிகரெட் ஊதி, சபையில் சொல்லக்கூடாத சத்தங்களையும் எழுப்புகிறவர். முதல் நாவல் 2010இல் வந்து கண்டுகொள்ளப்படாமல் போனது, இரண்டாவதைப் போட பிரிட்டனில் பழைய பதிப்பாளர் தயாராக இல்லை, அந்த இரண்டாவதுக்குத்தான் 2013இல் குற்றக் கதைகளுக்கான கோல்ட் டாகர் விருது. 2011இல் வந்த 'டிங்கர் டெய்லர்' படத்தில் ஸ்மைலியாக நடித்த அதே கேரி ஓல்ட்மேன்தான் 2022இலிருந்து ஸ்லவ் ஹவுஸ் கதைகளின் டிவி தொடரில் லாம்ப். இரண்டையும் அடுத்தடுத்த வாரம் பார்த்தேன், கண்ணாடியை ஒழுங்காகத் துடைத்த அதே ஆளா இது என்றிருந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான் செய்த தப்பைச் செய்யாமல், ஸ்மைலியின் முதல் நாவலான 'கால் ஃபார் தி டெட்' எடுங்கள், ஒல்லிப் புத்தகம், இரண்டு நாளில் முடிந்துவிடும். நடுவில் வரும் 'தி ஹானரபிள் ஸ்கூல்பாய்' மட்டும் தலையணை சைஸ். ஸ்மைலி லண்டனில் உட்கார்ந்துகொண்டு வேறொருவரை ஆசியா முழுக்க அலையவிடுகிறார். இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் விட்டுவிட்டேன், நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் இன்னும் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது.