மணலுக்குள் 42 வருடம் கிடந்த ரேஸ் கார்

கார்டிஃபிலிருந்து ரயிலில் கார்மார்தென், அங்கிருந்து பஸ் பிடித்தால் பெண்டைன். வேல்ஸின் தென்மேற்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். நான் போனபோது கடல் உள்வாங்கியிருந்தது. 11 கிலோமீட்டர் நீளத்துக்கு ஈர மணல், தளம் போட்டதுபோல் கெட்டியாகக் கிடக்கிறது. குதிகாலை அழுத்தி வைத்தாலும் தடம் ஆழமாக விழவில்லை. 1920களில் வேகச் சாதனைக்காரர்கள் இங்கே ஏன் வந்தார்கள் என்பது நடந்து பார்த்தாலே புரிந்துவிடும்.

நான் வந்தது ‘பாப்ஸ்’ காரைப் பார்க்க. கடற்கரையை ஒட்டிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கம்பெனியில் செய்த கார் இல்லை இது. இங்கிலாந்தின் கான்டர்பரி அருகே தன் வீட்டுப் பட்டறையில் பந்தய வீரர் லூயி ஸ்போரோவ்ஸ்கி உருவாக்கியது. விமானத்துக்கான லிபர்ட்டி எஞ்சின், 12 சிலிண்டர், 27 லிட்டர்! கியர்பாக்ஸ் ஒரு பழைய பென்ஸ் காருடையது. 1924இல் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் அவர் இறந்துபோக, பாரி-தாமஸ் 125 பவுண்டுக்கு இதை வாங்கினார். லேலண்ட் வாகனக் கம்பெனியில் தலைமை இன்ஜினியராக இருந்தவர். தானே வடிவமைத்த பிஸ்டன்கள், நான்கு கார்புரேட்டர்கள் என்று எஞ்சினையே புதிதாக்கினார். 1926 ஏப்ரல் 28 அன்று இதே மணலில் மணிக்கு 171 மைல், அதாவது சுமார் 275 கிலோமீட்டர். உலக சாதனை.

அடுத்த பிப்ரவரியில் மால்கம் கேம்ப்பெல் அதை முறியடித்தார். பட்டத்தை மீட்க 1927 மார்ச் 3 அன்று வந்த பாரி-தாமஸ் இங்கேயே விபத்தில் இறந்தார். காரை மணலில் புதைத்துவிட்டார்கள்.

1969இல் தோண்டி எடுத்தவர் ஓவன் வின் ஓவன், வடக்கு வேல்ஸைச் சேர்ந்த பொறியியல் விரிவுரையாளர். புதைத்ததைக் கிளறலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பாரி-தாமஸின் கல்லறை இங்கிலாந்தின் பைஃப்ளீட்டில் இருக்கிறது. மணலில் கிடந்தது அவருடைய கைவேலை. அது உப்பில் அரித்துப்போவதில் அவருக்கு என்ன மரியாதை? வருடக்கணக்காக உழைத்து, அந்த எஞ்சினை மறுபடி ஓட வைத்தார் ஓவன்.

வலது பின்சக்கரத்தின் பக்கம்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். பின்சக்கரத்தைச் சுழற்றும் செயின் அறுந்து தலையில் அடித்ததுதான் மரணத்துக்குக் காரணம் என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். பின்னாளில் வந்த கருத்து வேறு: முதலில் உடைந்தது இந்தச் சக்கரம்தான் என்கிறார்கள். கார் மண்ணுக்குள்ளேயே கிடந்திருந்தால் பழைய கதையே நிலைத்திருக்கும்.

போகிறவர்கள் கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போங்கள். அப்புறம், காரைச் சில சமயம் வெளியூர்க் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.