மூன்றாவது குழாய்

"கிளிப் போடலாமா சார்?" சிஸ்டர் இரண்டாவது முறை கேட்டார்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்."

வியாசர்பாடி ஆட்டோக்காரர். பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி: சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு, திரையைப் பார்த்துச் செய்யும் அறுவை.

பித்தப்பைக்குள் போவது ஒரு பித்தக்குழாய், ஒரு ரத்தக்குழாய். இரண்டு மட்டும்தான் என்று கண்ணால் பார்த்த பிறகே வெட்டலாம். 1995-ல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் எழுதி வைத்தது.

இன்று திரையில் மூன்றாவதாக ஒன்று.

நூல் கனம்தான். வெளிறிய நிறம். கல்லீரலின் வலப்பக்கமிருந்து இறங்கி, நான் வெட்டவிருந்த குழாயிலேயே வந்து சேர்ந்தது. கொழுப்பை இன்னும் கொஞ்சம் விலக்காமல் விட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

பித்தப்பை வழியாகவே சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தோம். கல்லீரலின் வலது பின்பகுதியிலிருந்து பித்தம் கொண்டுவரும் நாளம் அது! வெட்டியிருந்தால் வயிற்றுக்குள் பித்தம் கசியும். தெரியாமல் கிளிப் போட்டு அடைத்திருந்தால் இன்னும் மோசம்: மற்ற நாளங்கள் வேலை செய்வதால் மஞ்சள் காமாலைகூடக் காட்டாமல், அந்தப் பகுதி மட்டும் உள்ளுக்குள் கெட்டுப்போகலாம்.

சேருமிடத்தைத் தொடாமல், பித்தப்பையை ஒட்டி கிளிப் போட்டோம்.

பாடப்புத்தகத்தில் இருப்பது ஒரே ஒரு கல்லீரலின் படம். மேஜையில் படுத்திருப்பவர் அந்தப் படத்தைப் பார்த்துப் பிறந்தவரில்லை.

வெளியே அவர் மனைவி கேட்டார்: "கல்லு எல்லாம் வந்துடுச்சா டாக்டர்?"

"வந்துடுச்சும்மா."

டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த நாளத்தைப் பேனாவால் வரைந்து வைத்தேன். நாளை வேறு யாராவது அந்த வயிற்றைத் திறக்க நேரலாம்.