ஓடிப்போன சிப்பாய் மேல குத்தம் சொல்லலாமா?

ஜெர்மன் தத்துவக்காரர் கான்ட் எழுதின புத்தகத்த மூணு தடவ எடுத்து மூணு தடவயும் அம்பது பக்கம் தாண்டாம மூடி வச்சவன் நான். முன்னுரை வரைக்கும் வீரமா போவேன், அப்புறம் ஒரு வாக்கியம் முக்கா பக்கத்துக்கு ஓடும், எழுவாய் எங்க பயனிலை எங்கன்னு தேடறதுக்குள்ள தூக்கம் வந்துரும். நாலாவது தடவ வேற வழி புடிச்சேன், தத்துவத்த தள்ளி வச்சுட்டு வம்ப மட்டும் படிச்சேன். யாருக்கும் யாருக்கும் சண்ட, யார் யார போட்டுக் குடுத்தா, யாருக்கு வேல போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ஆளுங்க எதுக்கு இந்தப் பாடு பட்டு எழுதினாங்கன்னே எனக்கு வெளங்குச்சு.

வம்பு ஜெர்மனில, பிரஷ்யா ராஜ்யத்து ஹாலே ஊர்ல ஆரம்பிக்குது. கிறிஸ்டியன் வோல்ஃப்னு ஒரு ப்ரொஃபசர். அவருக்கு முன்னாடி இருந்த தத்துவக்காரர் லைப்னிஸ் சொன்னத எடுத்து ஒழுங்குபடுத்தி, கணக்குப் பாடம் மாதிரி படிப்படியா அடுக்கி, அதுவும் லத்தீன்ல மட்டும் இல்லாம ஜெர்மன்லயே எழுதினவரு. தத்துவத்துக்கு ஜெர்மன் கலைச்சொல் நிலைச்சதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவரோட அஸ்திவாரம் ஒரே ஒரு விஷயம்: காரணம் இல்லாம எதுவும் நடக்காது. ஒண்ணு ஏன் இப்படி இருக்கு, ஏன் வேற மாதிரி இல்லன்னு கேட்டா அதுக்குப் போதுமான காரணம் ஒண்ணு இருந்தே தீரணும். கேக்க சாதுவா இருக்குல்ல?

1721 ஜூலைல வோல்ஃப் ஒரு பேச்சு பேசறாரு, சீனாக்காரங்களோட ஒழுக்கத்தப் பத்தி. கன்ஃபூசியஸுக்கு பைபிளும் தெரியாது கிறிஸ்துவும் தெரியாது, ஆனாலும் அறிவ மட்டும் வச்சே நல்லது கெட்டது கண்டுபுடிச்சாருன்னு சொல்லிட்டாரு. ஹாலே பையட்டிஸ்டுங்களோட, அதாவது அறிவ விட பக்திய முன்னாடி வச்ச புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்களோட கோட்டை, பல்கலைக்கழகத்துல ஃபிராங்கே, லாங்கேன்னு ரெண்டு பெரிய தலைகள். அவ்ளோதான், புகார் மேல புகார்.

(இந்த ஃபிராங்கே நமக்குத் தெரிஞ்ச ஆளோட வாத்தியார். 1706-ல தரங்கம்பாடிக்கு வந்து எறங்கின சீகன்பால்கு இவர்கிட்ட படிச்சவருதான். அவரு 1708-லயே கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூணயும் ஜெர்மன்ல மொழிபெயர்த்தாரு, தென்னிந்திய தெய்வங்களப் பத்தி 1713-ல ஒரு பெரிய புத்தகமே எழுதி ஹாலேக்கு அனுப்பினாரு. உன்ன அனுப்புனது அங்க இருக்கறத ஒழிக்க, அத இங்க பரப்ப இல்லங்கற மாதிரி பதில் வந்துச்சு, அந்த தெய்வங்கள் புத்தகம் அச்சானது 1867-ல, அதுவும் மெட்ராஸ்ல. ஆக, வோல்ஃப் கன்ஃபூசியஸ சாட்சிக்குக் கூப்புட்டப்போ அதே ஊர்ல ஒளவையாரும் ஒரு ஓரமா இருந்தாங்க, யாரும் கூப்புடல. இத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும்.)

சரி, புகார் ராஜாகிட்ட போச்சு. பிரஷ்யா ராஜா முதலாம் ஃபிரெட்ரிக் வில்லியம், சிப்பாய் ராஜான்னே பேரு. நெட்டையான ஆளா தேடித்தேடி ஐரோப்பா முழுக்க காசு குடுத்தும் கடத்திட்டு வந்தும் போட்ஸ்டாம்ல ஒரு படை வச்சிருந்தவரு. அவருக்குத் தத்துவம்லாம் சொன்னா ஏறாது. அதனால ரெண்டு ஜெனரலுங்க அவருக்குப் புரியற பாஷைல சொன்னதா கதை: ராஜா, இந்த ப்ரொஃபசர் சொல்றபடி பாத்தா எல்லாம் முன்னாடியே தீர்மானமானது, நம்ம நெட்டை சிப்பாய் ஒருத்தன் ஓடிப்போனா அவன் ஓடத்தான் வேணும்னு இருந்துச்சு, அவன தண்டிக்க உங்களுக்கு நியாயம் இல்ல. இது போதாதா, 1723 நவம்பர் 8-ஆம் தேதி உத்தரவு வந்துச்சு, 48 மணி நேரத்துல பிரஷ்யாவ விட்டு வெளியேறணும், இல்லன்னா தூக்கு. வோல்ஃப் மூட்ட கட்டிட்டு மார்புர்க் போய் சேந்தாரு, அங்க தடபுடலா வரவேத்தாங்க, புகழ் இன்னும் ஏறுச்சு. 1740-ல மகன் ஃபிரெட்ரிக் பட்டத்துக்கு வந்ததும் திரும்பக் கூப்புட்டாரு, அது தனிக் கதை.

என்ன புடிச்சு உலுக்குனது அந்த சிப்பாய்தான். ஜெனரலுங்க கேட்டது கேலிக்கூத்து மாதிரி தெரியும், ஆனா கேள்வி கேலி இல்ல. எல்லாத்துக்கும் காரணம் உண்டுன்னா அவன் ஓடுனதுக்கும் காரணம் உண்டு, கடத்திட்டு வந்தாங்க, அடிச்சாங்க, ஊர் ஞாபகம், குளிரு. அந்தக் காரணத்துக்கும் காரணம் உண்டு. இப்படி இழுத்துட்டே போனா அவன்னு ஒரு ஆளு எங்க நிக்கறான்? அடுத்த எம்பது வருஷம் ஜெர்மன்காரங்க எழுதினதுல பாதி இந்த சிப்பாய்க்குப் பதில் சொல்லப் பாத்ததுதான்னு எனக்குத் தோணுது. பண்டிதருங்க ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல.

இன்னொண்ணு, பகுத்தறிவுன்னு சொன்னாலே நமக்குக் கடவுள் மறுப்புதான் ஞாபகத்துக்கு வரும். இவங்க அப்படி இல்ல. லைப்னிஸும் சரி வோல்ஃபும் சரி, அறிவ வச்சே கடவுள நிரூபிச்சுரலாம்னு நம்புனவங்க. எதிராளிங்க பயந்தது வேற ஒண்ணுக்கு, இந்த ரோட்டுல போனா கடைசில ஸ்பினோசா வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும்னு. ஆம்ஸ்டர்டாம்ல பொறந்த யூதரு, 1656-ல சொந்த சமூகமே ஒதுக்கி வச்சுது, லென்ஸ் தேச்சு பொழச்சவரு. இருக்கறது ஒரே பொருள், அதுதான் கடவுள், அதுதான் இயற்கை, அதுக்கு வெளிய எதுவும் இல்ல, அதுக்குள்ள எல்லாமே கட்டாயம்னு எழுதி வச்சுட்டு 1677-ல செத்துப்போனாரு. எறிஞ்ச கல்லுக்கு மட்டும் புத்தி வந்தா நானேதான் பறக்கறேன்னு நெனச்சுக்கும், மனுசனோட சுதந்திரம் அவ்ளோதான்னு ஒரு கடிதத்துல சொல்லியிருக்காரு. நூறு வருஷம் ஜெர்மனில அந்தப் பேர் ஒரு வசவு.

இப்ப 1780 ஜூலை. வோல்ஃபன்பியூட்டல் ஊரு லைப்ரரில லெஸ்ஸிங் வேல பாக்கறாரு, நாடக ஆசிரியரு, மத சகிப்புத்தன்மைக்காக சண்ட போட்டவரு, எதயும் அறிவ வச்சே பாக்கணும்னு சொன்ன அறிவொளிக்காரங்களுக்கு அவர்தான் ஹீரோ. அவரப் பாக்க யாகோபின்னு ஒருத்தர் வர்றாரு, பையில கவிஞர் கதே எழுதின, அதுவரைக்கும் அச்சாகாத ஒரு கவிதை. லெஸ்ஸிங் படிச்சுட்டு, கடவுளப் பத்தின பழைய பேச்செல்லாம் எனக்கு ஒத்து வரல, ஹென் காய் பான், வேற எதுவும் எனக்குத் தெரியாதுங்கறாரு. கிரேக்கம், ஒன்றும் எல்லாமும்னு அர்த்தம். (அந்தக் காய் நம்ம ‘உம்’ தான், கத்திரிக்காய் இல்ல.) யாகோபி ஆடிப்போயிட்டாரு, ஸ்பினோசாவ எதுத்து உதவி கேக்கத்தான் அவரு வந்ததே. லெஸ்ஸிங் விடல, ஸ்பினோசாவ என்னமோ செத்த நாய் மாதிரில்ல எல்லாரும் பேசறாங்கன்னாரு, ஒங்களுக்கு சுதந்திரமான சித்தம் வேணும் போல, எனக்கு வேணாம்னாரு. யாகோபி சொன்னாரு, அறிவு இங்கதான் கொண்டுவந்து விடும்னா நான் ஒரு குட்டிக்கரணம் அடிச்சு நம்பிக்கை பக்கம் தாவிருவேன். அதுக்கு லெஸ்ஸிங், என் வயசான காலயும் கனத்த தலயயும் வச்சுட்டு என்னால தாவ முடியாதுப்பான்னு சிரிச்சாராம். அடுத்த பிப்ரவரில லெஸ்ஸிங் காலமாயிட்டாரு.

ஒடனே நம்மாளுங்க இது அத்வைதம்தானேன்னு கெளம்பிருவாங்க, கொஞ்சம் பொறுங்க, இங்க மாயை எல்லாம் கெடையாது, ஸ்பினோசாவோட உலகம் நெசமான உலகம்.

யாகோபி இத அப்படியே மனசுக்குள்ள வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. பெர்லின்ல மோசஸ் மெண்டல்சோன் தன் நண்பன் லெஸ்ஸிங்கப் பத்தி எழுதப்போறாருன்னு 1783-ல கேள்விப்பட்டதும், லெஸ்ஸிங் கடைசில ஸ்பினோசா ஆளாயிட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமான்னு எலிசே ரைமாரஸ்ங்கற தோழி வழியா சேதி அனுப்பறாரு. மெண்டல்சோன் பதினாலு வயசுல பெர்லினுக்கு வந்தவரு, பட்டு வியாபாரி வீட்டுல புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்து, அப்புறம் கணக்கு எழுதி, அந்தப் பட்டு ஆலையையே நடத்துனவரு. ராத்திரில தத்துவம். 1763-ல பெர்லின் அறிவியல் அகாதமி வச்ச கட்டுரைப் போட்டில முதல் பரிசு அவருக்கு, ரெண்டாவது யாருக்குன்னு நெனைக்கறீங்க, கான்டுக்கு. லெஸ்ஸிங்கும் அவரும் 1754-ல செஸ் பலகை முன்னாடி பழகி, அப்படியே கால் நூற்றாண்டு நண்பர்கள். இவ்ளோ நாள் என்கிட்ட சொல்லாதத நேத்து வந்தவன்கிட்ட சொன்னானாங்கற அடி ஒரு பக்கம், ஊரெல்லாம் ஒரு யூதன எப்ப மாட்டி விடலாம்னு பாத்துட்டு இருக்கறது இன்னொரு பக்கம்.

1785-ல யாகோபி கடிதங்களயெல்லாம் புத்தகமாவே போட்டுட்டாரு, கதேவோட கவிதையயும் கேக்காமலே சேத்து. மெண்டல்சோன் ஒடனே பதில் எழுதி, டிசம்பர் 31 குளிர்ல கைப்பிரதிய தானே பதிப்பாளர்கிட்ட கொண்டு போய்க் குடுத்தாருன்னு சொல்றாங்க. படுத்தவரு எந்திரிக்கல, 1786 ஜனவரி 4-ல எறந்துட்டாரு, 56 வயசு. யாகோபிதான் கொன்னாருன்னு பெர்லின்ல வெளிப்படையாவே பேசுனாங்க. எனக்கும் யாகோபி மேல கோவம் வரும், ஆனா அவரு வச்ச கேள்விய யாராலயும் தட்டிக்கழிக்க முடியல: காரணத்த மட்டுமே நம்பிக் கடைசி வரைக்கும் போனா சுதந்திரமும் இல்ல கடவுளும் இல்ல, ஒத்துக்கறியா தாவறியா?

இங்கதான் கான்ட் உள்ள வர்றாரு. அவரோட பெரிய புத்தகம் 1781-லயே வந்தாச்சு, படிக்கத்தான் ஆள் இல்ல (என் கட்சி அப்பவே பெருசு). ரைன்ஹோல்டுன்னு ஒரு மாஜி துறவி 1786-ல பத்திரிகைல கடிதத் தொடரா எழுதி, இந்த சண்டைக்கு மருந்து கான்ட்கிட்டதான் இருக்குன்னு சொன்னப்பறம்தான் ஜனங்க திரும்பிப் பாத்தாங்க. மருந்து என்னன்னா, காரணம் காரியம்ங்கறது நமக்குத் தெரியற உலகத்த நாம கோத்துப் பாக்கற விதம், அந்த உலகத்துல சிப்பாயோட ஒவ்வொரு அடிக்கும் காரணம் காட்டலாம், ஆனா நமக்குத் தெரியாம தானா இருக்கறதுன்னு ஒண்ணு இருக்கே, அங்க சுதந்திரத்துக்கு எடம் உண்டு. 1788 புத்தகத்துல ஒரு உதாரணம் வச்சிருக்காரு. ஒரு நேர்மையான ஆளுக்கு எதிரா பொய் சாட்சி சொல்லு, இல்லன்னா தூக்குன்னு ராஜா மெரட்டறாரு. உயிர் ஆசைய ஜெயிப்பானா மாட்டானான்னு அவனுக்கே தெரியாது, ஆனா மாட்டேன்னு சொல்ல முடியும்ங்கறது மட்டும் தெரியும், ஏன்னா சொல்லணும்னு தெரியுது. வோல்ஃபுக்குக் காட்டின அதே கயிறு! கான்ட் அவர நெனச்சு எழுதலதான், ஆனாலும் படிக்கறப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

யாகோபி இதயும் விடல. அந்தத் தானா இருக்கற பொருள்தான் நம்மள வந்து தாக்கி அனுபவத்த உண்டாக்குதுன்னா, தாக்கறதே ஒரு காரணம்தானே, காரணம் அங்க செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அது இல்லாம உங்க சிஸ்டத்துக்குள்ள நுழைய முடியல, அத வச்சுட்டு உள்ள இருக்க முடியலன்னாரு. பிரமாதமான அடி. யாகோபிய கெட்டவன்னு ஒதுக்காம நான் திரும்பத் திரும்பப் படிக்கறது இதுக்காகத்தான்.

கான்ட் வழில வந்த ஃபிக்டேன்னு ஒரு இளம் தத்துவக்காரர் அந்தப் பொருளயே தூக்கி வெளிய போட்டாரு. நாடா நெய்யறவரோட மகன், 1791-ல கான்ட பாக்க அவரு ஊரு கோனிக்ஸ்பெர்க் போயி கைல காசு தீந்து அவர்கிட்டயே கடன் கேட்டவரு. கான்ட் கடன் குடுக்கல, பதிப்பாளர புடிச்சுக் குடுத்தாரு. 1792-ல புத்தகம் பேர் போடாம வந்துச்சு, எல்லாரும் கான்ட் எழுதினதுன்னு நெனச்சுப் புகழ்ந்தாங்க, நான் இல்ல அவர்னு கான்ட் சொன்னதும் ராத்திரியோட ராத்திரியா ஃபேமஸ். 1794-ல யேனா ஊரு பல்கலைக்கழகத்துல ப்ரொஃபசர். பொருள்ல இருந்து ஆரம்பிச்சா ஸ்பினோசாலதான் முடியும், அதனால ‘நான்’ல இருந்து ஆரம்பிங்கன்னாரு, தன்னோடதுதான் முதல் சுதந்திர சிஸ்டம்னு 1795-ல பெருமையா கடிதம் எழுதினாரு.

அதே 1795 பிப்ரவரில ஷெல்லிங்னு இன்னொரு இளம் தத்துவக்காரர் தன் பழைய ரூம்மேட் ஹெகலுக்கு எழுதறாரு, நான் ஸ்பினோசாக்காரனாயிட்டேன்னு. எழுதினவருக்கு வயசு இருபது. டியூபிங்கன் மடத்துல இவங்க ரெண்டு பேரும் கவிஞர் ஹோல்டர்லினும் ஒண்ணா தங்கிப் படிச்சவங்க, அந்த ஹென் காய் பான் ஹெகலோட ஆல்பத்துல ஹோல்டர்லின் எழுதின பக்கத்துல இருக்கு. யாகோபி ஜாக்கிரதைன்னு போர்டு மாட்டினாரு, பசங்க அந்த போர்ட பாத்துத்தான் வழியே கண்டுபுடிச்சாங்க. ஸ்பினோசாவோட ஒரே பொருளுக்குள்ள கான்ட்டோட சுதந்திரத்த எப்படி உக்கார வைக்கறதுன்னுதான் ரெண்டு பேரும் அப்புறம் மல்லுக்கட்டினாங்க. ஷெல்லிங் 1809-ல அந்தக் கேள்விய நேரடியாவே எடுத்து எழுதினாரு, அதுக்குள்ள 1807-ல ஹெகல் தன் புத்தகத்துல, எல்லாம் ஒண்ணுன்னு சொல்றத எல்லாப் பசுவும் கருப்பா தெரியற ராத்திரின்னு நக்கல் அடிச்சு நட்பு முறிஞ்சாச்சு. ஹெகல இங்க தொடல, தொட்டா இன்னும் பத்து போஸ்ட் ஆகும்.

ஃபிக்டேவுக்கு வேல போன கதைய சொல்லணும். 1798-ல ஒரு கட்டுரைல, உலகத்தோட ஒழுக்க ஒழுங்கே கடவுள், அதுக்கு மேல தனியா ஒண்ணு தேவையில்லங்கற மாதிரி எழுதிட்டாரு. நாத்திகம்னு கூச்சல், வைமார் அரசு மேல அழுத்தம். கண்டிச்சா ராஜினாமா பண்ணிருவேன்னு இவரு மெரட்டல் கடிதம் எழுத, சரின்னு ஏத்துக்கிட்டாங்க. 1799-ல யாகோபி, உங்க தத்துவம் நிஹிலிசம், அதாவது எல்லாத்தயும் ஒண்ணுமில்லாம ஆக்கறதுன்னு திறந்த கடிதம் போட்டாரு, கான்ட்டும் கைய விரிச்சாரு, கடவுளே நண்பர்கள்ட்ட இருந்து காப்பாத்து எதிரிங்கள நாங்க பாத்துக்கறோம்னு ஒரு பழமொழியயும் சேத்து.

ஃபிக்டே எங்க போனாருன்னா பெர்லினுக்கு, வோல்ஃப தொரத்துன அதே பிரஷ்யாவுக்கு. இப்ப ராஜா அந்த சிப்பாய் ராஜாவோட கொள்ளுப்பேரன், மூணாம் ஃபிரெட்ரிக் வில்லியம். இந்தாளு கடவுளோட பகைச்சுக்கிட்டாராமேன்னு சொன்னதுக்கு, அப்படின்னா கடவுளே அவரோட தீத்துக்கட்டும், எனக்கொண்ணும் இல்லன்னாராம். புதுசா தொறந்த பெர்லின் பல்கலைக்கழகத்துல 1811-ல ஃபிக்டேதான் தேர்ந்தெடுத்த முதல் ரெக்டர், அதாவது தலைவர். அங்கயும் நிலைக்கல. ஒரு யூத மாணவன சக மாணவன் அடிச்சதுல, அடிச்சவனோட சேத்து அடி வாங்கினவனுக்கும் தண்டன குடுத்தாங்கன்னு சண்ட போட்டு 1812-ல பதவிய விட்டுட்டாரு. 1793-ல யூதர்களப் பத்தி வாய் கூசற மாதிரி எழுதினதும் இதே ஃபிக்டேதான்.