விலாசம் இல்லாத ராமநாதன்கள்

அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது 70. பீமரத சாந்திக்கு உள்ளூர்க்காரர்களை நேரில் போய் அழைப்பது, மலேசியா, சிங்கப்பூர் பங்காளிகளுக்கு மெயில் என்று ஏற்பாடு. மெயில் வேலை என்னுடையது. சரியாக அந்த வாரம் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. காரைக்குடியிலிருந்து வந்த பையன், "ஃபார்மெட் போட்டா சரியாயிரும்ண்ணே" என்றான். போட்டான், சரியாகிவிட்டது. முகவரிகள்தான் இல்லை.

பேக்கப் இருக்கிறதே என்று தெம்பாக ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். டாக்குமெண்ட்ஸ் இருந்தது, கல்யாணப் போட்டோ இருந்தது, முகவரியைக் காணோம். கானாடுகாத்தானில் எங்கள் வீடு ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வருகிற வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருந்தால், பெட்டகச் சாவி கடைசியில் ஓர் இருட்டறையில் தொங்கும். விண்டோஸையும் நம்மூர்க் கொத்தனார்தான் கட்டியிருக்க வேண்டும். மறைந்துள்ள ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி டிக் போட்ட பிறகுதான் ஆப்டேட்டா என்ற கதவே கண்ணில் பட்டது. அதற்குள் ரோமிங், அதற்குள் நான் மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட், அதற்குள் புரொஃபைல்ஸ், அதற்குள் கீபோர்டில் பூனை நடந்த மாதிரி பெயருடன் ஒரு ஃபோல்டர். அங்கே உட்கார்ந்திருந்தது முகவரிகள் இருக்கும் கோப்பு, ஏபுக்.எஸ்கியூலைட்!

பேக்கப் எடுத்த அன்று, வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கச் சோம்பல்பட்டு யூசர் ஃபோல்டரை மொத்தமாக இழுத்துப் போட்டிருந்தேன். அதனால் பிழைத்தேன்.

தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஏபுக்கையும் பக்கத்திலிருந்த ஹிஸ்டரி.எஸ்கியூலைட்டையும் புதிய புரொஃபைலில் போட்டேன். இரண்டாவது கோப்பில், நாம் மெயில் அனுப்பியவர்களை எல்லாம் அதுவே கேட்காமல் சேர்த்து வைத்திருக்கும். திறந்தால் எல்லோரும் வந்துவிட்டார்கள். அதில் ஒன்பது ராமநாதன்.

எங்கள் பக்கம் ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். நான்கு மகன் என்றால் நான்கு வீட்டிலும் ஒரு ராமநாதன் ஓடுவான். ஆளைப் பிரித்துக் காட்டுவது பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள்தான். அவற்றை நாங்கள் சொல்வதே 'விலாசம்' என்றுதான். அந்த விலாசத்தை, யார் டைப் அடிப்பது என்று ஒருத்தருக்கும் அடித்து வைக்கவில்லை நான். அதே சோம்பல்.

அப்பச்சியிடம் போனேன். "எந்தக் கோயில்? எந்த ஊரு? யாரு வீட்டுல பொண்ணு எடுத்தவன்?"

"கம்ப்யூட்டர்ல அதெல்லாம் இல்ல அப்பச்சி."

"அப்புறம் என்னத்துக்கு அது?"

பெட்டகத்திலிருந்து மொய் நோட்டு வந்தது. விலாசம், ஊர், தொகை எல்லாம் சுத்தமாக இருந்தது. மெயில் ஐடிதான் இல்லை.

கடைசியில் பழைய மெயில்களைத் திறந்து வாசித்தோம். மாவுருண்டை கேட்டு எழுதியவர் பினாங்கு. வீட்டுப் பாகத்துக்காக மூன்று பக்கம் சண்டை போட்டவர் ஈப்போ. "இவனுக்கு முதல்ல அனுப்பு, இல்லாட்டி இன்னும் மூணு பக்கம் வரும்" என்றார் அப்பச்சி. இப்படி எட்டுப் பேரைத் தேற்றிவிட்டோம். ஒன்பதாவது ஆள் ஒரே ஒரு பொங்கல் வாழ்த்துப் படம் அனுப்பியிருந்தார், வேறு துப்பில்லை. சிங்கப்பூராகத்தான் இருக்கும் என்று தட்டிவிட்டேன்.

ஐந்தே நிமிடத்தில் பதில். "பத்திரிகை கிடைத்தது. உங்கள் பின்வாசலுக்கு எதிரேதான் எங்கள் முகப்பு. அழைக்க மெயில்தான் போட வேண்டுமா?"

அப்பச்சி என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆத்தாவைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்து வைக்கச் சொன்னார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுப் பக்கம் நடந்தவர், திரும்பிப் பார்த்தார்.

"நீயும் வா. போறப்ப விலாசத்தைக் கேட்டு எழுதிக்க, ஒரு பேனா எடுத்துக்க."