கேட்டு வந்தாலும் முடியாது

நேற்று அந்தி சாயும் நேரத்தில் எங்கள் கண்மாய்க்கரைப் புஞ்சையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நெற்றியில் டார்ச், தோளில் நைலான் வலை. "அண்ணே, இன்று இரவு மட்டும் முயலுக்கு வலை கட்டிக்கொள்கிறோம். உங்கள் கடலைக்கும் நல்லதுதானே?" என்றார் மூத்தவர். கேட்டு வந்தார்களே என்று மரியாதையாகவே மறுத்தேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கவுதாரி, மயில் எதையும் வேட்டையாடக் கூடாது. பட்டா என் பெயரில் இருந்தாலும் அந்த அனுமதியைத் தர நான் யார்? இதே சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை.

காலையில் போய்ப் பார்த்தேன். வரப்போர ஈரமண்ணில் முயலின் புதிய கால்தடம், பக்கத்தில் கடித்துப்போட்ட கடலைக்கொடி. தின்றுவிட்டுப் போகட்டும்.