6 மி.மீ. வாட்டர்லூ: அடித்தட்டின் அளவைத் தேர்ந்த விதம்

6 மி.மீ. உயரமுள்ள ஈய வீரர்களை வைத்துப் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் வண்ணம் தீட்டுவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டியது அடித்தட்டைப் பற்றித்தான். 28 மி.மீ. பொம்மைகளில் ஆளுக்கு ஒரு வட்டத்தட்டு போதும். பார்க்கிறவர் கண் அந்த வீரனின் முகத்திலும் சீருடையிலும் நின்றுவிடும். 6 மி.மீ.யில் தனி ஆளை யாரும் பார்ப்பதில்லை. இருபத்து நான்கு பேர் ஒட்டிய ஒரு தட்டுதான் பட்டாலியன்; மேசையில் நகர்வதும், திரும்புவதும், பின்வாங்குவதும் அந்தத் தட்டுதான். அதனால், 1815 ஜூன் 18 அன்று நடந்த வாட்டர்லூ போருக்காகப் படை சேர்க்கத் தொடங்கியபோது முதலில் கையில் எடுத்தவை அட்டையும் கத்தரிக்கோலும்தான்.

இந்த அளவில் 60×30 மி.மீ. தட்டு பரவலாக வழங்குகிறது. பாக்கஸ் என்ற நிறுவனத்தின் காலாட்படை பொம்மைகள் நான்கு பேர் கொண்ட பட்டைகளாக வருகின்றன. ஒரு பட்டை ஏறத்தாழ 20 மி.மீ. நீளம் என்பதால் மூன்று பட்டைகள் 60 மி.மீ. அகலத்தில் கச்சிதமாகப் பொருந்திவிடும். வசதியான அளவுதான், ஆனால் இரண்டு தரப்புக்கும் ஒரே தட்டைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலேயக் காலாட்படை இரண்டு வரிசையாகவும் பிரெஞ்சுக் காலாட்படை மூன்று வரிசையாகவும் நின்று சுட்ட போர் இது. தோளோடு தோள் நிற்கும் ஒருவனுக்கு 55 செ.மீ. இடம் என்று வைத்துக்கொண்டால், 600 பேர் கொண்ட பட்டாலியன் இரண்டு வரிசையில் 165 மீட்டருக்கு நீளும். அதே 600 பேர் மூன்று வரிசையில் நின்றால் 110 மீட்டரில் முடிந்துவிடும். மூன்றுக்கு இரண்டு என்ற இந்த விகிதம் 60 மி.மீ.க்கும் 40 மி.மீ.க்கும் இடையே அப்படியே இருக்கிறது. ஆங்கிலேயருக்கு மூன்று பட்டைகள் வீதம் இரண்டு வரிசை, பிரெஞ்சுக்காரருக்கு இரண்டு பட்டைகள் வீதம் மூன்று வரிசை: இரு பக்கமும் இருபத்து நான்கு பேர், ஆனால் ஆங்கிலேயரின் துப்பாக்கி வரிசை ஒன்றரை மடங்கு அகலம். ஆங்கிலேயரின் துப்பாக்கிச் சூடு ஏன் அவ்வளவு வலுவாக இருந்தது என்பது விதிப்புத்தகத்தைத் திறக்காமலே மேசையில் தெரிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு அளவுத் தட்டுகளை வெட்டும் கூடுதல் வேலையை மனமார ஏற்றுக்கொண்டேன்.

தட்டின் ஆழம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அளவுதான் உண்மையான சிக்கல். மேற்சொன்ன கணக்கில் மேசையின் 1 மி.மீ. களத்தில் 2.75 மீட்டர், இரண்டு வரிசை ஆட்களின் ஆழம் ஒரு மி.மீ. அளவுக்கே வரும். ஆகவே எந்தத் தட்டும் ஆழத்தில் பொய்யைத்தான் சொல்லும். அந்தப் பொய்யை எவ்வளவு குறைக்கலாம் என்பதே கேள்வி. பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் படைப்பிரிவில் மார்கோன்யேயின் டிவிஷன், எட்டு பட்டாலியன்களை மூன்று வரிசையாக விரித்து ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி முன்னேறியது. அந்தத் திரள் முழுவதும் நூறு மீட்டருக்குள் அடங்கும். 30 மி.மீ. ஆழமுள்ள எட்டுத் தட்டுகளை அடுக்கினாலோ 240 மி.மீ., அதாவது 660 மீட்டர். இரு படைகளுக்கும் இடையிலிருந்த பள்ளத்தாக்கில் பாதிக்கு மேல் அடைபட்டுவிடுகிறது. 15 மி.மீ. ஆழத்தில் அட்டை வெட்டிப் பார்த்தபோது திரள் அழகாகச் சுருங்கியது, ஆனால் விரல் பிடிக்க விளிம்பே இல்லை. துப்பாக்கி முனைகளைப் பிடித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. முடிவில் 20 மி.மீ.யில் நிறுத்தினேன். தூரம், சூடு எல்லாவற்றையும் முன்விளிம்பிலிருந்து மட்டுமே அளப்பது என்று வைத்துக்கொண்டதால், பின்னால் நீளும் மிகை ஆட்டத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

தட்டுக்கு 2 மி.மீ. தடிமனுள்ள எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எடுத்தேன். 3 மி.மீ. என்றால் வீரனின் உயரத்தில் பாதி; மேடை மேல் ஏறி நிற்பதுபோல் இருக்கிறது. எம்.டி.எஃப்.பில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் கலந்த ஃபெவிகால் பட்டால் தட்டு வளையும் என்பதால், மணல் ஒட்டுவதற்கு முன் இரு பக்கமும் பெயின்ட் அடித்து உலரவிட வேண்டும்.

மேல்பூச்சில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அதற்குத் தகுதியும் உண்டு. அன்று வாட்டர்லூ வயல்களில் ஆளுயரத்துக்கு ரை (rye) என்ற தானியப் பயிர் விளைந்து நின்றது. முந்தைய இரவின் பெருமழையில் நிலம் சேறாகியிருந்தது. முன்னேறிய படைகள் பயிரை மிதித்துத் துவைத்தன. எனவே அடர்பழுப்பு மண்ணின் மேல் வெளிர்மஞ்சள் செயற்கைப் புல்லைத் தூவி, பசை பாதி காய்ந்த நிலையில் ஈரவிரலால் முன்னிருந்து பின்னாக ஒரே வீச்சில் அழுத்தினேன். புல் தாள்கள் பின்பக்கம் சாய்ந்து படிந்தன. இடையிடையே பழுப்பு மண் எட்டிப்பார்த்தது. வீரர்களின் முன்னால் மட்டும் சில தாள்களை நிமிர்த்தி விட்டேன். தட்டு அசையாமல் கிடக்கும்போதே அது எந்தத் திசையில் போகிறது என்பது இப்போது தெரிகிறது.

அடுத்து பீரங்கிகள். பிரெஞ்சுப் பெரும் பீரங்கி அணியில் ஏறத்தாழ 80 பீரங்கிகள் இருந்தன. பின்னால் நிற்கும் குதிரைகளையும் வெடிமருந்து வண்டிகளையும் தட்டில் சேர்த்தால் ஆழம் மறுபடி வீங்கும். பீரங்கியும் ஆட்களும் 30×20 தட்டில், வண்டிகள் தனித் தட்டில் என்று இப்போதைக்கு அட்டை வெட்டி வைத்திருக்கிறேன்.