நடுவயிறா, பக்கவயிறா?

பெட்டைப்பூனையைக் கருத்தடைக்குக் கொண்டுவருகிறவர்கள் கூடையை மேசையில் வைக்கும்போதே கேட்டுவிடுவார்கள்: "டொக்டர், வயித்துல வெட்டுவீங்களா, பக்கத்துலயா?" பக்கத்தில் வெட்டினால் நோவு குறைவு, சீக்கிரம் ஆறிவிடும் என்று அயலில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு பொதுவிதி கிடையாது. பக்கவெட்டில் மூன்று தசைப்படைகளைப் பிரித்துக்கொண்டு உள்ளே போகிறோம். நடுவயிற்றில் இருபக்கத் தசைகளும் சேரும் வெள்ளை நார்க்கோட்டில், அதாவது வெள்ளைக்கோட்டில், தசையே இல்லை. காயத்தைத் தொட்டால் பக்கவெட்டுப் பூனைதான் கூடுதலாகச் சுருங்குகிறது என்று காட்டிய ஆய்வும் உண்டு. எங்கே வெட்டுவது என்பதைப் பாதி அந்தப் பூனையின் வயிறு சொல்லும். மீதியை அன்றிரவு அது எங்கே படுக்கப்போகிறது என்பது சொல்லும். மலையகத்தில் இந்த இரண்டாவது பாதிக்கு எடை அதிகம்.

நடுவயிற்று வெட்டு பூனைக்குக் கொஞ்சம் பின்தள்ளியே வரவேண்டும். நாய்க்குத் தொப்புளை ஒட்டித் தொடங்குவதுபோல் இங்கே தொடங்கினால் கருப்பை உடல் எட்டாது. தொப்புளுக்கும் இடுப்பெலும்பின் முன்விளிம்புக்கும் நடுவில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் போதும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கத்தி வைக்கமுன் மெதுவாக அழுத்தி வெறுமையாக்க வேண்டும். வெள்ளைக்கோட்டை இடுக்கியால் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்துத்தான் முதல் குத்து. இந்த வெட்டின் பெரிய வசதி, இரண்டு சூலகமும் சமதூரத்தில் இருப்பதும், சிக்கல் வந்தால் அதே வெட்டை முன்னும் பின்னும் நீட்டலாம் என்பதும். வலப்பக்கச் சூலகத்தின் காம்பு நழுவி இரத்தம் கசிந்தால் முன்சிறுகுடலைத் தூக்கினால் இடம் தெரியும். இடப்பக்கம் என்றால் இறங்குகுடலைத் தூக்கவேண்டும். கர்ப்பம் என்று சந்தேகம், சீழ்பிடித்த கருப்பை, பருத்த பூனை, முன்வரலாறு தெரியாத பூனை: இவை எல்லாமே நடுவயிற்றுக்குத்தான்.

இந்த வெட்டு பிழையாகிப்போவது பெரும்பாலும் மூடும்போது. ஊசி கொழுப்பைக் கவ்வியிருக்கும், வெள்ளைநாரைக் கவ்வியிருக்காது. வெளியே தோல் அழகாக இருக்கும். மூன்றாம் நாள் பூனை மதிலில் பாய்ந்ததும் உள்ளே தையல் விட்டு, குடற்கொழுப்பு தோலுக்கடியில் இறங்கிவிடும். ஓரத்திலிருந்து சுமார் 5 மில்லிமீற்றர் உள்ளே, தசையின் வெளிப்புற உறையைச் சேர்த்துக் கவ்வினால் இது நடக்காது. வெள்ளைக்கோட்டைத் தேடும் அவசரத்தில் தோலடிக் கொழுப்பை அகலமாக உரித்துவிடுவதும் கூடாது. அந்த வெற்றிடத்தில்தான் பிறகு நீர் கட்டும். காயத்தின் கீழ் கடினமாக, சூடில்லாமல், நோவில்லாமல் ஒரு தடிப்பு இருந்தால் அது நூலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு; சில வாரங்களில் கரையும். மெத்தென்று இருந்து, அழுத்தினால் உள்ளே போய் மீண்டும் வருவதுதான் ஓடிவரவேண்டிய வீக்கம்.

பக்கவெட்டுக்குப் பூனையை வலப்பக்கம் கீழாகக் கிடத்தி, பெரும்பாலும் இடப்பக்கத்தில் கீறுவோம். இடம் பிடிப்பதில்தான் பாதி வேலை. தொடையெலும்பின் மேல்முனை மேட்டில் ஒரு விரல், இடுப்பெலும்பின் முன்முனையில் ஒரு விரல். அந்த இரண்டையும் அடியாக வைத்து முன்பக்கம் நோக்கி ஒரு சமபக்க முக்கோணத்தை நினைத்துக்கொண்டால் மூன்றாவது முனை வெட்டும் இடம். 1.5 முதல் 2 சென்ரிமீற்றர். தசைகளை அறுக்காமல், நார் போகும் திசையில் கத்தரிக்கோல் முனையால் விரித்துப் பிரிக்கவேண்டும். வெட்டு மேலே ஏறிவிட்டால் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பே திரும்பத் திரும்ப வரும், கருப்பைக் கொம்பு (பூனையின் கருப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும்) வராது. சரியான இடத்தில் உள்ளே போனால் கொம்பு பெரும்பாலும் கண்ணுக்கெதிரே கிடக்கும்: இளஞ்சிவப்பாக, சமமான பருமனில், இழுத்தால் அசைந்து வரும். குடல் அப்படி வராது. அதற்குள் மலம் திரண்டிருக்கும்.

சங்கடம் மறுபக்கச் சூலகத்தில். கையில் வந்த கொம்பைப் பின்னோக்கித் தொடர்ந்து, இரு கொம்பும் சேரும் கவட்டைக்குப் போய், அங்கிருந்து மற்றக் கொம்பைப் பிடித்து மேலே வரவேண்டும். இழுவை கூடிவிட்டால் காம்பு அறும். அறுந்த முனை வயிற்றின் அடிப்பக்கத்துக்குள் மறைந்துவிடும். அந்த 2 சென்ரிமீற்றர் வாசலால் அதைத் தேட முடியாது. உடனே பூனையை மல்லாத்தி நடுவயிற்றைத் திறப்பதே வழி. பக்கவாட்டு வாசலையே கிழித்துப் பெரிதாக்கிக்கொண்டு தேடுவது நேரத்தைத்தான் விழுங்கும். ஆகவே பக்கவெட்டுத்தான் என்று முடிவானாலும் வயிற்றுப்பக்கத்தையும் சவரம் செய்து வைத்திருப்பது புத்தி.

இத்தனை இடைஞ்சல் இருந்தும் தோட்டப்புறப் பூனைகளுக்குப் பக்கவெட்டை விட்டுவிட முடியாது. "நான் விடிய வேலைப் பெரட்டுக்குப் போனா பின்னேரம்தான் திரும்புவேன், யாரு பார்த்துக்கிறது?" என்று கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. பூனையைத் தூக்கிப் புரட்டிப் பார்க்க ஆளில்லை. பக்கக் காயம் என்றால் அது இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) நடந்துபோகும்போதே தெரியும். தையல் விட்டாலும் தசைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் குடல் வெளியே வரும் ஆபத்து குறைவு. பால்கொடுக்கும் பூனைக்கும் இதுதான் உகந்தது. நடுவயிற்றில் வெட்டினால் வீங்கிய மடிச்சுரப்பியில் கத்தி பட்டுப் பால் காயத்துக்குள் கசியும், குட்டிகள் தையலையும் சேர்த்து உறிஞ்சும். குட்டிகளுக்கு 6, 8 வாரம் ஆகும்வரை பொறுக்கலாம்தான். ஆனால் பால்கொடுக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும். அதோடு பூனையின் பருவச் சுழற்சி பகல் நீளத்தைப் பின்பற்றுவது. இலங்கையில் ஆண்டு முழுவதும் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம். குளிர்நாட்டுப் பூனைக்குக் கிடைக்கும் ஓய்வுக்காலம் நம் பூனைக்குக் கிடையாது.

காயம் எங்கே இருந்தாலும் இங்கே பூனையைக் கொல்லக்கூடியது குளிர். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரிப் பின்னிரவுகளில் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும். ஒரு கிலோ எடையுள்ள குட்டி, சவரம் செய்த தோல், அதன்மேல் ஸ்பிரிட், உடம்புச்சூட்டைக் காக்கும் திறனையே தளர்த்திவிடும் சைலசின் என்ற மயக்க ஊசி: இவை சேர்ந்தால் மணி நேரத்துக்குள் உடல்வெப்பம் 38லிருந்து 35க்கு வந்துவிடும். அப்புறம் மருந்து கழியாது, பூனை எழும்பாது. முடியை வேண்டிய அளவே மழிப்பதும், ஸ்பிரிட்டை ஊற்றாமல் ஒற்றுவதும், மேசையில் விரிப்பும், துவாயில் சுற்றிய சுடுதண்ணிப் போத்தலும் தையல்நூலைவிட முக்கியம். போத்தல் நேரடியாகத் தோலில் பட்டால் மயங்கிய பூனை விலகாது, வெந்துபோகும். உடல்வெப்பம் 37க்கு மேலே வந்து, தானாகத் தலை தூக்கும்வரை ஓட்டோவில் ஏற்றக்கூடாது.

நிறுத்துப் பார்க்காமல் மயக்க ஊசி போடுவது இன்னொரு ஆபத்து. கெட்டமின் மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் உள்ள குப்பியிலும் வரும், 100 மில்லிகிராம் உள்ள குப்பியிலும் வரும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் 1.4 கிலோப் பூனைக்கு இரண்டாவது குப்பியிலிருந்து 0.14 மில்லிலீற்றர்தான். குப்பி மாறினால் பாதி, அல்லது இரட்டிப்பு.

வீட்டில் செய்யக்கூடாததில் முதலாவது, நோவுக்கென்று பனடோல் கொடுப்பது. அதை உடைத்துக் கழிக்கும் நொதி பூனைக்குப் போதாது. ஒரு 500 மில்லிகிராம் வில்லையே உயிரை எடுக்கும். வைத்தியர் போடும் மெலொக்ஸிக்காம் ஊசி முதல் நாளைக்குப் போதும். அடுத்தது அடுப்படி. லயத்து அறையான காம்பராவில் பூனைக்குப் பிடித்த இடம் அடுப்புச் சாம்பல். 10 நாளைக்கு அங்கே போகவிடாமல் அட்டைப்பெட்டிக்குள் உலர்ந்த சாக்கு விரித்துப் படுக்கவைக்கவேண்டும். கழுத்து வளையம் மாட்டிய பூனை லயத்தின் நெருக்கத்தில் கட்டிலடியில் சிக்கிக்கொள்கிறது. அதைவிடக் குழந்தையின் பழைய பெனியனை மாட்டிவிடுவது நல்லது. நனைந்தால் மட்டும் உடனே மாற்றவேண்டும்.

கருப்பையையும் எடுப்பதா, சூலகம் மட்டும் போதுமா என்ற வாதத்தில் நாங்கள் அதிகம் மினக்கெடுவதில்லை. இளம், ஆரோக்கியமான பூனைக்குச் சூலகம் மட்டும் போதும். சூலகத்தில் ஒரு துண்டு உள்ளே தங்காமல் பார்ப்பதுதான் காரியம். தங்கினால் மாதங்கள் கழித்துப் பூனை மறுபடி கத்தத் தொடங்கும். டெப்போ என்ற கருத்தடை ஊசி போட்டுவந்த பூனை என்றால் கருப்பையையும் எடுத்தே ஆகவேண்டும், சீழ் கட்டும் வாய்ப்பு அதிகம். குழாய்க் கமராச் சத்திரசிகிச்சை நாய்க்குப் பெரிய வரப்பிரசாதம். பூனைக்குச் சாதாரண வெட்டே இரண்டு சென்ரிமீற்றராக இருக்கையில் அந்தச் செலவுக்கு நியாயம் குறைவு.

சியாமிஸ் கலப்புப் பூனை வைத்திருப்பவர்களிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவற்றின் முடிநிறம் தோலின் வெப்பத்தைப் பொறுத்தது. மழித்த இடம் குளிர்வதால் அங்கே முடி கறுப்பாக முளைக்கும். பக்கவெட்டு என்றால் அடுத்த முடி உதிர்ந்து முளைக்கும்வரை விலாவோரம் ஒரு கறுப்புச் சதுரம் தெரியும்.

வீதிப்பூனைக்கு இடக்காதின் நுனியை நேராக வெட்டிவிட்டால் கருத்தடை முடிந்தது என்று தூரத்திலிருந்தே தெரியும். வீட்டுக்காரர் பலர் அதற்கு ஒப்பமாட்டார்கள். அப்படியானால் பச்சை மையில் ஒரு சிறு கோடு குத்திவிடலாம். பக்கத்தில் வெட்டியிருந்தாலும் அந்தக் கோட்டை நடுவயிற்றிலேயே போடவேண்டும். நாளைக்கு இன்னொரு வைத்தியர் முடியை மழித்துப் பார்க்கப்போவது அங்கேதான்.